மாத்திரைக்குக் களா இல்லை

மருந்து சாப்பிடுகிறவர்களுக்குத் தாங்கள் எதைச் சாப்பிடுகிறோம், எதற்குச் சாப்பிடுகிறோம் என்று புரிகிறதா? இந்தக் கேள்வியைப் பற்றி முப்பது வருடமாக உலகம் முழுக்க எழுதித் தள்ளியிருக்கிறார்கள். எழுதியதை எல்லாம் உட்கார்ந்து படிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? அதனால் எண்ண ஆரம்பித்தார்கள். எந்த நாட்டில் எத்தனை கட்டுரை, எந்த வருடம் எந்தச் சொல் அதிகம் வந்தது, யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி, அதைக் கம்ப்யூட்டரில் கொட்டினால் அது வட்டம் வட்டமாக ஒரு படம் போட்டுக் கொடுக்கும். அந்தப் படமும் ஒரு கட்டுரை. அதையும் நாளைக்கு ஒருவர் எண்ணுவார்.

ஜோர்டானின் இர்பித் நகரில் அந்த வேலை ருதைனாவுக்கு வாய்த்தது. மருந்தியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர், வயது நாற்பத்தொன்று. பதவி உயர்வு இல்லாமல் ஏழு வருடம் ஓட்டிவிட்டாள். கல்லூரி விதிப்படி எட்டாவது வருடம் கிடையாது. மாதக் கடைசியில் கூடுகிற குழுவுக்கு முன்னால் இன்னும் ஒரு கட்டுரை ஏற்கப்பட்டாக வேண்டும். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். துறைத் தலைவர் முன்திர் அதை நேரடியாகச் சொல்லவில்லை. ஏலக்காய்க் காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "உங்க இடத்துக்கு ரெண்டு பேரு அப்ளிகேஷன் போட்டிருக்காங்க டாக்டர், சும்மா தகவலுக்குச் சொன்னேன்" என்றார். கூடவே தன் பெயரையும் கட்டுரையில் சேர்க்கச் சொன்னார். முதல் பெயராக.

படம் நன்றாகத்தான் வந்தது. ஆயிரத்து நூற்று எண்பது கட்டுரைகள். அமெரிக்கா பூசணிக்காய் அளவு வட்டம், சீனா தர்பூசணி. ஜோர்டானுக்கு ஒரு கடுகு. பழைய விஷயங்கள் நீலத்தில், நடுவாந்தரம் பச்சையில், புத்தம்புதியவை மஞ்சளில். ரமலான் முப்பது நாளும் ருதைனா அந்த மஞ்சள் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எண்ணுவதற்கு முன்னால் களையெடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் இல்லாதவை வேண்டாம். கடிதங்கள், குறிப்புகள், மாநாட்டுச் சுருக்கங்கள் வேண்டாம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், அவளும் அப்படித்தான் செய்தாள். அப்படி விலக்கியவை நாற்பத்தொன்று. முப்பத்தேழாவதாக வந்தது அரபியில் ஓர் ஒன்றரைப் பக்கக் கடிதம். உள்ளூர் மருத்துவ இதழ் ஒன்றின் ஆசிரியருக்கு யாரோ ஒரு மருந்துக்கடைக்காரர் எழுதியது. தலையில் மட்டும் மூன்று வரி ஆங்கிலச் சுருக்கம் இருந்ததால் வலையில் மாட்டியிருந்தது. அந்த மூன்று வரியைப் படித்ததும் நோன்புக் களைப்பிலும் ருதைனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரமலானில் விட்டுப்போன மாத்திரைகளைச் சில நோயாளிகள், விட்டுப்போன நோன்பைப் போலவே, பெருநாளுக்குப் பிறகு களா செய்கிறார்களாம். அதாவது அன்றன்றைக்கு உரியதைச் சாப்பிட்டுவிட்டு, விட்டதையும் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டு ஈடுகட்டுகிறார்களாம்.

அரபியில் இருந்த ஒன்றரைப் பக்கத்தை அவள் படிக்கவில்லை. எழுதியவர் பெயரையும் பார்க்கவில்லை. மொழி வேறு, வகையும் கடிதம். இரண்டு காரணமும் பொருந்தியதால் ஒரே சொடுக்கில் தூக்கினாள்.

பெருநாளின் இரண்டாம் நாள் மதியம் கீழ்வீட்டில் மன்சஃப், தயிர்க் குழம்பில் வெந்த ஆட்டுக்கறிச் சோறு. கட்டடம் முழுக்க அவர்களுடையதுதான். கீழே தாயும் அண்ணன் வஸ்ஃபியின் குடும்பமும், மேலே ருதைனா தனியாக. பதினெட்டுப் படிதான் நடுவில். ஆனாலும் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமைதான் அவள் கீழே இறங்கி வருவாள். வேலை அப்படி என்று அவளும் சொன்னாள், மற்றவர்களும் நம்பினார்கள்.

ஹஜ் போய்வந்த தாயை ஊரார் ஹஜ்ஜா என்றார்கள். பெயர் ஃபித்தா. எழுபத்திரண்டு வயது. இதயம் தாறுமாறாகத் துடிக்கிற வியாதிக்கு நாலு வருடமாக டிஜாக்சின் மாத்திரை, காலையில் ஒன்று. நோன்பு வைக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அவரு யாரு சொல்றதுக்கு? அவரா என்ன விடியறதுக்கு முன்ன எழுப்பி சஹர் சோறு போட்டாரு?" என்று கேட்டவள் அவள். மார்க்க விஷயத்தில் அவளிடம் ஒரு மயிரிழை பிசகாது. ஐந்து பிள்ளை பெற்று, அந்தந்தப் பிரசவத்தில் விட்ட நோன்பையெல்லாம் அடுத்த ரமலானுக்குள் முடித்தவள். "என் தலையில ஒரு களா கெடையாது" என்று பெண்கள் கூட்டத்தில் சொல்லுவாள். அதுதான் அவளுடைய ஒரே பெருமை.

தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வஸ்ஃபி டயர் கடைக்காரன். கைவிரலில் இருக்கிற கருப்பு பெருநாளுக்கும் போகாது. சோற்றை உருட்டிக்கொண்டே தங்கையைச் சீண்டினான்.

"என்ன டாக்டர், வட்டம் போட்டு முடிஞ்சுதா? நானும்தான் இருவது வருசமா வட்டமாவே பாத்துட்டிருக்கேன், எனக்கு ஒரு பட்டம் குடுக்க ஆளில்ல."

"உன் வட்டத்துல காத்துதான் இருக்கும், என் வட்டத்துல அறிவு இருக்கு" என்றாள் ருதைனா. "அண்ணே, ஒரு கூத்து கேளு. அஜ்லூன் மலைப் பக்கமா இருக்கும். ஒரு ஆளு ரமலான்ல மாத்திரைய விட்டுட்டானாம். பெருநாள் முடிஞ்சதும் என்ன பண்ணான் தெரியுமா? விட்டதையெல்லாம் ஒண்ணொண்ணா களா பண்ணிட்டானாம்!"

வஸ்ஃபிக்குப் புரையேறியது. "அப்ப ஊசி போட்டுக்கிறவன் ஹஜ்ஜுக்கே போகணும் போல!" அவன் மனைவி தலைத்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிள்ளைகள் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள்.

தாய் மட்டும் சிரிக்கவில்லை. மகளின் பக்கம் தயிர்க் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்:

"நோன்பு மாதிரியேவா, யும்மா?" அந்த ஊரில் பிள்ளை தாயை அழைப்பதும் யும்மாதான், தாய் பிள்ளையை அழைப்பதும் யும்மாதான்.

"ஆமா யும்மா, நோன்பு மாதிரியே. இன்னிக்குள்ளது ஒண்ணு, விட்டது ஒண்ணு."

"அப்புறம் என்னாச்சு அந்த மனுசனுக்கு?"

ருதைனாவின் போன் அடித்தது. முன்திர். பெருநாளில் துறைத் தலைவர் கூப்பிட்டால் எடுக்காமல் இருக்க முடியுமா? கையைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். நம் நாட்டு வட்டத்தைக் கொஞ்சம் பளிச்சென்று காட்டினால் என்ன, நிறத்தை மாற்றினால் என்ன என்று அவர் முக்கால் மணி நேரம் பேசினார். அவள் திரும்பி வந்தபோது தட்டை எடுத்துவிட்டார்கள். தாய் காப்பி கொண்டுவந்தாள். கேட்ட கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை, இவளும் நினைத்துப் பார்க்கவில்லை. அன்றைக்கு அதற்கு ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தால் இந்தக் கதை அந்தத் தட்டோடு முடிந்திருக்கும்.

காப்பியை ஊற்றும்போது தாய் தனக்குத்தானே, "நல்ல மனுசன். அல்லா ஏத்துக்கட்டும்" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. வயதானவர்கள் நாள் முழுக்க யாருக்காவது துஆ செய்துகொண்டுதான் இருப்பார்கள்.

கட்டுரை மறுநாள் இதழுக்குப் போனது.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை ருதைனா கீழே வந்தபோது தாய் குப்பேஸாக் கீரையை மடியில் போட்டு ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்கிறாளே தவிர, சாப்பாட்டில் கை வைக்கவில்லை. "வாசன புடிக்கல யும்மா. வயித்த பொரட்டுது" என்றாள்.

"நோன்புல குடல் சுருங்கியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடு."

"சரி" என்றாள் தாய். பிறகு ஜன்னலைப் பார்த்து, "இந்தத் தெரச்சீலைய யாரு மாத்துனா? வெள்ளையா இருந்ததுதானே?" என்று கேட்டாள்.

"வெள்ளையாதான் இருக்கு."

"மஞ்சளா தெரியுது. ஒன் மூஞ்சியும் மஞ்சளா இருக்கு. கடுகுத் தோட்டத்துக்குள்ள ஒக்காந்திருக்கற மாதிரி இருக்கு எனக்கு."

"கண்ணுல பொர வளந்திருக்கும். பரீட்ச முடியட்டும், கூட்டிட்டுப் போறேன்."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்? டிஜாக்சின் உடம்பில் மிஞ்சினால் பசி போகும், குமட்டும், கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியும். இதை நான்காம் வருட மாணவர்களுக்கு வருடா வருடம் கேள்வியாகக் கொடுப்பவள் இதே ருதைனா. இரண்டு மதிப்பெண் கேள்வி. அந்த வருடமும் கொடுத்திருந்தாள். அந்த விடைத்தாள்கள் மேல்வீட்டு மேசையில் திருத்தாமல் கிடந்தன. தன் தாய் தன் எதிரில் உட்கார்ந்து அந்த விடையை வாயாலேயே சொன்னபோது, அவள் போனில் இதழின் பக்கத்தைத் திறந்து, கட்டுரை மதிப்பீட்டுக்குப் போய்விட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். போயிருந்தது. சந்தோஷமாகப் படியேறினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் இறங்கவே இல்லை. மறுநாள் காலை வஸ்ஃபியின் மனைவி படிக்கட்டில் நின்று அலறினாள். ஹஜ்ஜா தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போன இடத்தில் விழுந்துவிட்டாள்.

மருத்துவமனையில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு முப்பத்தாறு. இளம் டாக்டர் ஒருவர் ஈ.சி.ஜி. காகிதச் சுருளைப் பார்த்துவிட்டு முதல் கேள்வியே சரியாகக் கேட்டார்.

"டிஜாக்சின் அதிகமா ஏதாவது சாப்பிட்டாங்களா?"

"இல்ல" என்றாள் ருதைனா.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. வயசானவங்க, சாப்பிட்டத மறந்துட்டு மறுபடி…"

"டாக்டர், நான் மருந்தியல்ல டாக்டர் பட்டம் வாங்கினவ. மருந்து நோயாளிக்குப் புரியுதா இல்லயான்றதுதான் என் ஆராய்ச்சியே." பையிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்தாள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்துவந்திருந்தாள்; அந்த அளவுக்கு உஷார். "ரமலானுக்கு முந்தின நாள் அறுவது வாங்கினது. நேத்தோட நாப்பத்தேழு நாள். பதிமூணு மீதி இருக்கணும். எண்ணிப் பாருங்க."

எண்ணினார்கள். பதினைந்து இருந்தது.

"ரெண்டுதான் விட்டிருக்காங்க. நாப்பத்தேழு நாள்ல வெறும் ரெண்டு. அதிகமா சாப்பிட்டிருந்தா கொறயணும், இங்க கூடத்தான் இருக்கு" என்றாள் ருதைனா. அவள் குரலில் கர்வம் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் எண்ணிய கட்டுரைகளில் நூற்றுக்கணக்கானவை இந்த முறையைத்தான் சொல்லின. மிச்ச மாத்திரையை எண்ணு, நோயாளிக்குப் புரிந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். நூற்றுக்கு எண்பது தேறினாலே நல்ல நோயாளி. தாய் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

இளம் டாக்டர் தயங்கினார். மருந்தின் அளவைப் பார்க்கிற ரத்தப் பரிசோதனை அங்கே கிடையாது, வெளியே அனுப்ப வேண்டும். எதிரே நிற்பது பேராசிரியை. கையில் ஆதாரத்தோடு நிற்கிறாள். "சரி, அப்ப இது நோயோட போக்கா இருக்கலாம்" என்று எழுதி, அந்த வழியில் வைத்தியத்தை ஆரம்பித்தார்கள். காலையில் சாப்பிட வேண்டிய டிஜாக்சின் மாத்திரையைக்கூட நிறுத்தவில்லை. செவிலி கொடுத்ததை ருதைனாவே தண்ணீர் பிடித்து விழுங்க வைத்தாள்.

மறுநாள் முற்பகலில் தாய்க்கு நினைவு கொஞ்சம் தெளிந்தது. வஸ்ஃபி ஏதோ மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். ருதைனா மட்டும் பக்கத்தில்.

"யும்மா."

"சொல்லு யும்மா."

"பதினேழு முடிஞ்சுது. ரெண்டுதான் பாக்கி."

"என்ன ரெண்டு?"

"மாத்திர. ரமலான்ல காலக் காப்பி இல்லயா, மறந்து மறந்து போச்சு. சஹருக்கு அப்புறம் படுத்தா கண்ணு அசந்துரும். பெருநாளைக்கு எண்ணிப் பாத்தேன், பத்தொம்பது விட்டுப்போச்சு. ஒண்ணொண்ணுக்கும் ஒரு பேரீச்சங்கொட்டைய சாடியில போட்டு வெச்சேன், தப்பக் கூடாதுன்னு. ஒண்ணு முடிச்சா ஒண்ண எடுத்துருவேன்." மூச்சு வாங்கியது. "தெனம் ஒண்ணு களா பண்ணேன். பின்னால வந்த ரெண்டு வெள்ளிக்கிழமயும் ரெண்டு ரெண்டு, நன்ம ஜாஸ்தின்னு. கொமட்டும்தான். நோன்புன்னா பசிக்கத்தானே செய்யும், அப்படின்னு பொறுத்துக்கிட்டேன்."

அறுபது மாத்திரை, நாற்பத்தேழு நாள், பதினைந்து மீதி. எல்லாம் சரியாக இருந்தது, ஏனென்றால் அவள் தாய் அதைச் சரியாக்கியிருந்தாள். ஒரு மாதம் பட்டினி போட்டதைப் பதினைந்து நாளில் திணித்து, விட்ட இடத்தை அடைத்திருந்தாள்.

"இத யாரு யும்மா உனக்கு சொன்னா?" என்று கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

"நீதானே சொன்ன."

"நானா?"

"பெருநாளைக்கு. அஜ்லூன்காரன் ஒருத்தன் பண்ணான்னு. நீங்கள்லாம் சிரிச்சீங்க, எனக்கு வெக்கமா போச்சு. மலைக்காட்டுல இருக்கறவனுக்குத் தெரியுது, ஹஜ்ஜு முடிச்சு வந்த எனக்குத் தெரியல. நாலு வருசமா ஒரு ரமலானுக்கும் நான் மாத்திர களா பண்ணதில்லயே." தாயின் கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்து மகளின் கையைத் தேடியது. "நான் போயிட்டேன்னா அந்த ரெண்ட நீ எனக்காக முடிச்சிரு யும்மா. தாய் விட்ட நோன்ப மக்க வெக்கலாம்னு இருக்குல்ல."

"யும்மா, மாத்திரைக்குக் களா இல்ல." ருதைனா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "விட்டது விட்டதுதான். மறுபடி சாப்பிடக் கூடாது. அது வெஷம் யும்மா."

தாய் மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் ருதைனா பிழைத்திருப்பாள்.

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, யும்மா" என்றாள். "நான் கேட்டேன்ல, அப்புறம் என்னாச்சுன்னு?"

ருதைனா ஓடினாள். இளம் டாக்டரைத் தேடிப் பிடித்துச் சொன்னாள். ரத்தம் வெளியே போனது, மாலையில் அளவு வந்தது. இருக்க வேண்டியதைப்போல நாலு மடங்கு. முறிவு மருந்து ஒன்று உண்டு, அந்த மருத்துவமனையில் அது இல்லை. தலைநகரத்தில் கேட்டார்கள், விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். "நேத்தே தெரிஞ்சிருந்தா…" என்று ஆரம்பித்த டாக்டர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். நல்ல மனிதர்.

அன்று அந்த நடைபாதையில் உட்கார்ந்து, போனில், அவள் அந்த முப்பத்தேழாவது கடிதத்தைத் தேடி எடுத்துப் படித்தாள். ஒன்றரைப் பக்கம். படிக்க நாலு நிமிடம் ஆனது. ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தது. எல்லோரும் தொழுகை நோன்பில் கறாரானவர்கள், எல்லோரிடமும் மாத்திரை எண்ணிக்கை சரியாக இருந்தது. 'எண்ணிக்கையை நம்பாதீர்கள். ரமலானில் எத்தனை விட்டீர்கள், அதை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பெருநாளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள், மாத்திரைக்குக் களா இல்லை என்று.' ஆறில் இரண்டு பேர் இறந்துவிட்டிருந்தார்கள். அஜ்லூன் மலையெல்லாம் இல்லை. ஆறு பேரும் இர்பித்காரர்கள். கடிதத்தின் அடியில் பெயர் இருந்தது: நஸ்மி, மருந்தாளுநர். ருதைனாவின் தெருமுனை மருந்துக்கடைக்காரர். அபூ கைஸ் என்று அவள் சிறுவயதிலிருந்து கூப்பிடுகிற மனிதர்.

மூன்றாம் நாள் மதியம் லுஹர் பாங்கு சொல்லிக்கொண்டிருக்கும்போது தாயின் இதயம் நின்றது.

துக்க வீட்டில் மூன்று நாளும் சர்க்கரை இல்லாத காப்பி. ஆண்கள் வெளியே பந்தலில், பெண்கள் உள்ளே. வந்த பெண்களெல்லாம் ஒரே மாதிரி சொன்னார்கள்: ஹஜ்ஜா கொடுத்துவைத்தவள், ரமலானை முடித்துக்கொண்டு போனாள், தலையில் ஒரு களா இல்லாமல் போனாள். ருதைனா தலையாட்டினாள். என்ன நடந்தது என்று வஸ்ஃபி கேட்டதற்கு, "ஒடம்புல மருந்து தங்கிருச்சு அண்ணே, கிட்னி சரியில்ல" என்றாள். முழுப் பொய்யில்லை. பெருநாள் தட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவனும் அன்று சிரித்தவன்தான். அவனைக் காப்பாற்றவே மறைக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுப்படி ஜன்னலில் ஒரு கண்ணாடிச் சாடியும், அதன் அடியில் இரண்டு பேரீச்சங்கொட்டையும் இருந்தன. வஸ்ஃபியின் மனைவி அதைக் கழுவிக் கவிழ்த்தாள்.

கடைசி நாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அபூ கைஸ் வந்தார். பந்தலில் உட்கார்ந்து எழுந்தவர், உள்வாசலில் ருதைனாவைக் கண்டு நின்றார். எழுபது வயது, கண்ணாடிக்கு ஒரு கால் கம்பியால் கட்டியிருந்தது.

"இந்தப் பொறுமைக்கு அல்லா உன் நற்கூலிய பெருசாக்கட்டும் மகளே. எனக்கு மனசு ஆறல. டிஜாக்சின்னு வஸ்ஃபி சொன்னான். ரமலானுக்கு அப்புறமா?"

"ஆமா அபூ கைஸ்."

"எனக்குத் தெரியும்." தலையைக் குனிந்துகொண்டார். "பெருநாள் வந்தா கடைக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுவேன், விட்டத களா பண்ணாதீங்கன்னு. ஹஜ்ஜா கடைக்கு வந்ததே இல்ல, வஸ்ஃபிதான் வண்டியில இருந்தே ஆரன் அடிச்சு வாங்கிட்டுப் போவான். வீட்டுக்குப் போயி சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டதுக்கு என்ன காரணம் தெரியுமா?"

"சொல்லுங்க."

"வீட்ல நீ இருக்கியேன்னு நெனச்சேன்."

குத்திக்காட்டிச் சொன்னதில்லை அது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் விட்டிருக்கிறார்.

"நாலு வருசம் முன்னாடி ஒரு கடுதாசி எழுதுனேன், பத்திரிகையில போட்டாங்க" என்றார். "படிச்சவங்க கண்ணுல பட்டா நாலு பேருக்கு சொல்லுவாங்கன்னு ஒரு ஆச. கடைக்காரன் எழுதுறத யாரு படிக்கிறா? நீ இதுலயே இருக்கறவ. உன் கண்ணுல பட்டுச்சா, மகளே?"

"இல்ல அபூ கைஸ்" என்றாள் ருதைனா. "பாக்கல."

அவர் தலையாட்டிவிட்டு, இரண்டு எட்டு வைத்தவர் திரும்பி, "நீ மனச விட்டுராத. உன் ஆராய்ச்சியால நாலு பேருக்கு நல்லது நடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பந்தலைப் பிரித்த மறுநாள் முன்திர் போன் செய்தார். துக்கம் விசாரித்தார், அரை நிமிடம் விசாரித்திருப்பார். "டாக்டர், இதழ்லேர்ந்து பதில் வந்திருக்கு. ரொம்ப சாதகமா எழுதியிருக்காங்க. ஒரே ஒரு கேள்விதான். அதுக்கு நீங்க இன்னிக்குப் பதில் அனுப்பிட்டா ஏத்துக்கிட்டா மாதிரிதான். குழு வியாழக்கிழம கூடுது, ஞாபகம் இருக்கட்டும்."

பதினெட்டுப் படியும் ஏறி மேலே போனாள். மேசையில் விடைத்தாள்கள் அப்படியே கிடந்தன. மேலே இருந்த தாளில் யாரோ ஒரு பெண் முத்து முத்தான கையெழுத்தில், 'பொருட்கள் மஞ்சளாகத் தெரியும்' என்று எழுதியிருந்தாள். ருதைனா அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

இரண்டாம் மதிப்பீட்டாளரின் கேள்வி: ஆங்கிலமல்லாதவற்றையும் கடிதங்களையும் ஆசிரியர்கள் விலக்கியிருக்கிறார்கள். இதனால் முக்கியமானது ஏதும் விடுபட்டிருக்குமா?

கீழ்வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். களையெடுத்ததை எல்லாம் மறுபடி சேர்க்க வேண்டும், எண்ண வேண்டும், படம் போட வேண்டும். இரண்டு மாத வேலை. வியாழக்கிழமை போய்விடும், அதோடு வேலையும் போய்விடும். தாயும் போய்விட்டாள், இது ஒன்றாவது மிஞ்சட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்மீதே காறித் துப்பத் தோன்றியது. ஆனாலும் விரல்கள் தட்டெழுத ஆரம்பித்தன.

'மதிப்பீட்டாளரின் கூர்மையான கேள்விக்கு நன்றி. விலக்கப்பட்டவை மொத்தம் நாற்பத்தொன்று மட்டுமே. அவற்றைச் சேர்த்திருந்தாலும் முடிவில் எந்த மாற்றமும் ஏற்பட்டிருக்காது.'

ஒருமுறை படித்துப் பார்த்தாள். 'எந்த மாற்றமும்' என்பதை அடித்துவிட்டு, 'குறிப்பிடத்தக்க மாற்றம்' என்று திருத்தினாள். பிறகு அனுப்பினாள்.